வென்ற மறுநாள் முணுமுணுப்பு

2023 செப்டெம்பர் 5ஆம் திகதி இரவு லாகூரில் இலங்கை அணி ஆப்கானிஸ்தானை இரண்டே இரண்டு ஓட்டங்களால் வென்றது. ஆசியக் கிண்ணத்தின் அடுத்த சுற்றுக்கும் போய்விட்டது. ஆனால் இப்படியொரு வெற்றிக்கு மறுநாள் அப்புத்தளை தேத்தண்ணிக் கடைகளிலோ தோட்டத்துப் பெரட்டுக் களத்திலோ காது கொடுத்தால், வென்ற நாட்டின் பேச்சு மாதிரியே இருக்காது.

“ஜெயிச்சாச்சுண்ணே.”

“என்னத்த ஜெயிச்சானுங்க? அவனுங்க கணக்குத் தெரியாம தோத்தானுங்க தம்பி.”

இதை நன்றிகெட்ட குணம் என்பவர்கள் உண்டு. வெற்றி வெற்றிதானே, ஒரு ஓட்டம் என்றால் என்ன நூறு ஓட்டம் என்றால் என்ன என்பார்கள். கணிதத்தைக் கேட்டால் அது முணுமுணுக்கிறவர் பக்கம்தான் போய் நிற்கிறது.

அன்றைய ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கை 291. ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டுமானால் வெறுமனே வென்றால் போதாது, 37.1 ஓவருக்குள் 292ஐ எட்ட வேண்டும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள். மொஹமட் நபி 32 பந்தில் 65. 38ஆவது ஓவரின் முதல் பந்தில் முஜீப் ஆட்டமிழந்தபோது 289. கதை முடிந்தது என்று ஆப்கான் வீரர்கள் நினைத்துவிட்டார்கள். முடியவில்லை. அடுத்த மூன்று பந்துகளுக்குள் ஒரு ஆறு அடித்து 295ஐத் தொட்டிருந்தாலும் நிகர ஓட்ட வேகத்தில் அவர்கள் முந்தியிருப்பார்கள். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்று பயிற்சியாளர் ஜொனதன் ட்ரொட் பிறகு சொன்னார். ரஷீத் கான் எதிர்முனையில் நிற்க, கடைசி வீரர் பாரூக்கி பந்தைத் தடுத்து ஆடினார். தனஞ்சய டி சில்வா வீசிய அந்த ஓவரின் நான்காவது பந்தில் வெளியேறினார். மிச்சம் 74 பந்துகள் வீசப்படாமலே கிடந்தன.

இரு அணியும் சேர்ந்து 580 ஓட்டங்கள், வித்தியாசம் இரண்டு. மட்டையின் விளிம்பில் பட்ட ஒரு பந்து நான்கு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் ஓட்டப்பலகை மாறியிருக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தின் முடிவு, எந்த அணி திறமானது என்பதைப் பற்றி நமக்குக் கிட்டத்தட்ட எதுவும் சொல்வதில்லை.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிர்ணயித்த கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்; தொட்டுவிட்டால் முழுப்பேர். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் விழுவது அந்தப் பேர் மட்டும்தான். ஆனால் யார் கை எவ்வளவு வேகம் என்று தெரிய வேண்டுமானால் தராசைத்தான் பார்க்க வேண்டும். புள்ளிப்பட்டியல் செக்ரோல் மாதிரி. ஓட்ட வித்தியாசம் தராசு.

இதை முதலில் சூத்திரமாக்கியவர் பேஸ்பால் ஆய்வாளரான அமெரிக்கர் பில் ஜேம்ஸ். ஒரு அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை பங்கு ஆட்டங்களை வென்றிருக்க ‘வேண்டும்’ என்ற மதிப்பு கிடைக்கும். அந்த மதிப்பைவிட அதிகமாக வென்ற அணிகள் பெரும்பாலும் ஒரு ஓட்டம், இரண்டு ஓட்ட வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தவை. அடுத்த பருவத்தில் அவை கீழே சரிவதே வழக்கம். மயிரிழையில் வெல்வதைத் தனித் திறமை என்று நம்ப எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் அதில் பெரும்பங்கு நாணயம் சுண்டுவது போன்றது. தொடர்ந்து தலையே விழாது.

மனசு என்ன செய்கிறது என்பது இன்னும் சுவாரசியம். 1976இல் வெளியான ஆய்வொன்றில் உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் அவரது சகாக்களும் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களை ஆராய்ந்தார்கள். அணி வென்றதை அடுத்து வரும் திங்கட்கிழமை, பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டையோடு வகுப்புக்கு வரும் மாணவர் கூட்டம் அதிகம். வென்ற ஆட்டத்தை விவரிக்கும்போது “நாங்கள்” கூடுதலாக வருகிறது. தோற்ற ஆட்டத்தில் அது குறைந்துவிடுகிறது. நம் ஊரில் தட்டுத்தடுமாறி வென்ற ஆட்டத்துக்கு மறுநாள் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் கிடைக்கும்: “நாம ஜெயிச்சுட்டோம், ஆனா இவனுங்க பேட்டிங் இருக்கே…”

இதில் முரண்பாடு இல்லை. 2004இல் வெளியான ஆய்வில் ஜெஃப் லார்சனும் வேறு மூன்று உளவியலாளர்களும் ஆட்களைச் சூதாட வைத்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்தது, ஆனால் அதைவிடப் பெரிய தொகை தவறியது என்று தெரிந்தவர்களிடம், மகிழ்ச்சியும் வருத்தமும் மாறி மாறி அல்ல, ஒரே வேளையில் இருந்தன. ஆக, வென்ற மறுநாள் புலம்புகிறவர் நடிக்கவில்லை. இரண்டு உணர்ச்சியும் நிஜம்.

அவரைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் பயிற்சியாளர்கள். லார்ஸ் லெஃப்க்ரெனும் இரண்டு பொருளியலாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றியது. மயிரிழையில் தோற்றால் அடுத்த ஆட்டத்துக்கு அணியை மாற்றுவது கூடுதல். மயிரிழையில் வென்றால் அப்படியே விட்டுவிடுவது கூடுதல். இரண்டு ஆட்டமும் சொல்லும் செய்தி ஏறத்தாழ ஒன்றுதான் என்பது சம்பளம் வாங்குகிறவர் கண்ணில் படவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் கண்ணில் பட்டுவிடுகிறது.

லாகூர் வெற்றியையும் சேர்த்து இலங்கை அணி அந்தக் காலத்தில் ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ந்து 13 வெற்றி பெற்றது. அதில் பாதிக்கு மேல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், ஓமான், ஸ்கொட்லாந்து போன்ற அணிகளும் ஆடிய இடத்தில் வந்தவை. செப்டெம்பர் 12இல் இந்தியா அந்தத் தொடரை முறித்தது. 14ஆம் திகதி கொழும்பில் பாகிஸ்தானோடு இன்னொரு நூலிழை: கடைசி இரண்டு பந்தில் ஆறு ஓட்டம் வேண்டும், சரித் அசலங்கவின் மட்டை விளிம்பில் பட்ட பந்து நான்காக ஓடியது, கடைசிப் பந்தில் இரண்டு. மூன்று நாள் கழித்து இறுதி ஆட்டம். மொஹமட் சிராஜ் 21 ஓட்டத்துக்கு ஆறு விக்கெட். இலங்கை 50க்குச் சுருண்டது.

நூலிழை வெற்றிகளே அந்த 50ஐ முன்கூட்டிச் சொல்லின என்று நான் வாதாட மாட்டேன். சிராஜின் ஒரே ஓவரில் நான்கு விக்கெட் விழுந்ததும் ஒரு விதத்தில் நாணயச் சுண்டல்தான். ஆனால் அதன்பின் உலகக் கிண்ணத்தில் ஒன்பது ஆட்டங்களில் இரண்டே வெற்றி, நவம்பர் 2இல் மும்பையில் 55க்குச் சுருண்டு 302 ஓட்டங்களால் தோல்வி என்று போனபோது, தராசு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது தெளிவானது.

அப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணத்துக்கு, கணக்கு தீர்மானித்த வெற்றியில் சொந்த அனுபவமும் உண்டு. 2012இல் இலங்கை பிரீமியர் லீக் கிண்ணத்தை ‘ஊவா நெக்ஸ்ட்’ அணி வென்றது. இறுதி ஆட்டத்தில் மழை குறுக்கிட, டக்வர்த்–லூயிஸ் கணக்கு தீர்ப்புச் சொன்னது. அந்த அணி ஊவா மண்ணில் ஒரு பந்துகூட வீசவில்லை, எல்லா ஆட்டமும் கொழும்பிலும் பல்லேகலையிலும்தான். ஆனாலும் கிண்ணம் கிண்ணம்தான்.

2023க்குத் திரும்பினால், மும்பைத் தோல்விக்கு நான்கு நாள் கழித்து விளையாட்டுத் துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழு அமைத்தார். அரசாங்கத் தலையீடு என்று சொல்லி சர்வதேச கிரிக்கெட் பேரவை நவம்பர் 10இல் இலங்கையை இடைநிறுத்தியது. லாகூரில் இரண்டு ஓட்டத்தில் தப்பிய வாரத்தில் எந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை.