சரியான கணக்கும் சரிக்கட்டிய கணக்கும்

கணக்கு வழக்கு – தொடர் 9

வெனிஸ் நகரத்து வர்த்தகர்கள் கையாண்டுவந்த இரட்டைப்பதிவு முறையை, லூக்கா பாச்சியோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி 1494-ஆம் ஆண்டில் அச்சேற்றிய வரலாற்றைச் சென்ற இதழில் சொல்லி, ஒவ்வொரு பற்றுக்கும் ஈடாக ஒரு வரவு உண்டு என்கிற அந்த ஒரே விதியின்மேல் ஐந்நூறு ஆண்டுகளாக உலக வியாபாரம் முழுவதும் நின்றுகொண்டிருப்பதை வியந்து முடித்திருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், தம்முடைய மகள் பி.காம். முடித்துவிட்டுக் கணக்கியலும் நிதியியலும் சேர்ந்த முதுகலை வகுப்பில் சேரப் பிடிவாதமாக இருக்கிறாள் என்று தெரிவித்து, "பற்றையும் வரவையும் மூன்று வருஷம் படித்தாகிவிட்டதே, இன்னும் இரண்டு வருஷம் படிப்பதற்கு அதில் என்ன மிச்சம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். பெண்ணின் படிப்புக்குப் பணம் கட்டப்போகிற தகப்பனாரின் கேள்வி. ஆகவே நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்கே பதில் சொல்ல முற்படுகிறேன்.

இளங்கலை வகுப்பில் கணக்குப் படிக்கிறவனுக்கு ஓர் ஆனந்தம் உண்டு. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும். பரீட்சை மண்டபத்தில், மணி அடிக்கக் கால் மணி நேரமே இருக்கும்போது, வினாத்தாளில் கொடுத்த இருபது சரிக்கட்டல்களையும் ஒன்றுவிடாமல் இடம் பார்த்துச் செலுத்தி, ஐந்தொகையின் இடப்பக்கத்தைக் கூட்டி, நெஞ்சு படபடக்க வலப்பக்கத்தையும் கூட்டி, இரண்டும் ஒரே தொகையாக வந்து நிற்கும்போது, அடியில் இரட்டைக் கோடு இழுக்கிற அந்த விநாடிக்காகவே சிலர் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார்களோ என்று நான் நினைத்ததுண்டு. ஒத்துவராத பேர்வழிகள் வித்தியாசத் தொகையை 'அனாமத்து' என்று ஒரு கணக்கில் தள்ளிவிட்டு வெளியே வருவார்கள். எப்படியானாலும், இரண்டு பக்கமும் ஒத்துவிட்டால் கணக்கு சரி, ஒத்துவராவிட்டால் தவறு என்பதே மூன்று வருஷ காலமும் அவர்கள் மனத்தில் ஊறிப்போகிற சித்தாந்தம்.

முதுகலை வகுப்பின் முதல் வேலை, அந்தச் சித்தாந்தத்தை உடைப்பது. உண்மையில் அதற்கான உளியை இளங்கலைப் பாடமே கையில் கொடுத்திருக்கிறது. ஆனால் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரு நடவடிக்கையை அடியோடு எழுதாமல் விட்டால் அது விடு பிழை. ராமனுக்கு எழுத வேண்டியதை லட்சுமணனுக்கு எழுதினால் செய் பிழை. ஒரு தவறை இன்னொரு தவறு சமன்செய்துவிட்டால் ஈடுசெய் பிழை. இயந்திரம் வாங்கிய செலவைப் பழுதுபார்த்த செலவாக எழுதினால் விதிப் பிழை. இவற்றில் எது நேர்ந்தாலும் இருப்பாய்வின் இரண்டு பக்கமும் இம்மியும் பிசகாமல் ஒத்துவரும். ஒத்துவருவது என்பது கூட்டல் சரி என்பதற்கு மட்டுமே சாட்சி. கூட்டப்பட்ட எண்கள் மெய்யா என்பதற்கு அது சாட்சியாகாது.

பிழையே இல்லாத இடத்திலும் கதை முடிந்துவிடுவதில்லை. பத்து லட்ச ரூபாய்க்கு ஒரு தறி வாங்கிய முதலாளிக்கு, தேய்மானம் கழிக்குமுன் அந்த ஆண்டு நான்கு லட்சம் லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தறியின் ஆயுள் பத்து ஆண்டு என்று கொண்டு, நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு ஒரு லட்சம் கழித்தால் லாபம் மூன்று லட்சம். குறைந்துசெல் இருப்பு முறையில் நூற்றுக்குப் பதினைந்து வீதம் கழித்தால் லாபம் இரண்டரை லட்சம். தறி ஒன்று, ஆண்டு ஒன்று, நெய்த துணியும் ஒன்று. லாபம் மட்டும் இரண்டு. இரண்டுமே முறையான கணக்குகள். எது உண்மை என்று கேட்டால், தறி எப்படித் தேயும் என்பதைப்பற்றி முதலாளி கொண்டிருக்கும் அபிப்பிராயம்தான் உண்மை என்று பதில் வரும். லாபம் என்பது பெட்டியில் எண்ணியெடுக்கும் பொருள் அன்று, பல அபிப்பிராயங்கள் சேர்ந்து பிறக்கும் ஒரு நிர்ணயம் என்பதை முதன்முதலாக உணர்கிற மாணவன் சற்றே கலங்கிப்போகிறான். அந்தக் கலக்கம்தான் மேற்படிப்பின் பிரவேச வாயில்.

நிதியியல் பக்கம் திரும்பினால் கலக்கம் இன்னும் ஒரு படி ஏறுகிறது. பத்து லட்சம் போட்டு ஒரு பட்டறை வைத்தால், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 2,80,000 ரூபாய் கையில் வரும் என்று ஒரு திட்டம். மொத்தம் பதினான்கு லட்சம் வருகிறதே, தாராளமாக வைக்கலாம் என்பது திண்ணைப் பேச்சு. ஐந்து ஆண்டு கழித்து வரப்போகும் ரூபாய் இன்றைய ரூபாய்க்குச் சமமாகாது ஆகையால், நூற்றுக்குப் பத்து வட்டி வீதத்தில் அந்த வரவுகளையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், போட்ட முதலுக்குமேல் சுமார் 61,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதையே நூற்றுக்குப் பதினான்கு வீதத்தில் செய்துபார்த்தால் சுமார் 39,000 ரூபாய் குறைகிறது. பத்து என்றால் பட்டறை வைக்கலாம். பதினான்கு என்றால் வைக்கக்கூடாது. இளங்கலை வினாத்தாள் "பத்து விழுக்காடு எனக் கொள்க" என்று வீதத்தைத் தானே சொல்லிவிடுகிறது. முதுகலையில்தான், அந்தப் பத்தை யார் கொடுத்தார்கள், ஏன் பதினான்காக இருக்கக்கூடாது என்கிற கேள்வி பிறக்கிறது. கடன் கொடுத்தவர் கேட்கும் வட்டி, பங்கு வாங்கியவர் எதிர்பார்க்கும் ஆதாயம், தொழிலில் உள்ள அபாயம் ஆகிய எல்லாவற்றையும் எடைபோட்டு மூலதனத்தின் விலையைக் கண்டுபிடிப்பது ஒரு பருவம் முழுவதும் படித்தாலும் தீராத விஷயம்.

இந்த இடத்தில்தான் அமெரிக்கப் பேராசிரியர்களான மொடிகிலியானியும் மில்லரும் 1958-இல் வெளியிட்ட பிரசித்தமான கட்டுரை பாடமாக வருகிறது. வரியும் இதர இடையூறுகளும் இல்லாத ஓர் உலகத்தில், ஒரு நிறுவனம் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுவதில்லை என்பது அவர்களுடைய வாதம். கடன் என்றாலே நெஞ்சு நடுங்குகிற குடும்பங்களிலிருந்து வந்த நம் பிள்ளைகளுக்கு இது முதலில் விதண்டாவாதமாகவே படும். பிறகு 1963-இல் அவர்களே வரியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு திருத்தி எழுதினார்கள். தாம் சொன்னதைத் தாமே மறுபரிசீலனை செய்வது சாஸ்திரத்துக்கு இழுக்கல்ல என்பது அதே பாடத்தில் கிடைக்கும் இன்னொரு பாடம்.

பட்டப்படிப்பு எதுவுமின்றியே கணக்கில் கரைகண்டவர்கள் நம்மிடையே இருந்ததை மறந்துவிட்டு நான் இதையெல்லாம் சொல்லவில்லை. நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், சிட்டை எழுதி, பேரேடு பெயர்த்து, வட்டி கட்டிப் பழகி, அடுத்தாளாகவும் பிறகு மேலாளாகவும் உயர்ந்து, பர்மாவிலும் மலேயாவிலும் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்தினான். அவன் எழுதிய தொகைக்குப் பின்னால் இருந்த மனிதனை அவன் நேரில் கண்டிருந்தான். வாங்கியவனுடைய வயலையும் வாக்கையும் அறிந்திருந்தான். இன்று பல நாடுகளில் கிளை பரப்பி நிற்கும் ஸ்தாபனத்தின் கணக்கைப் படிக்கிறவனுக்கு அந்தப் பிரத்தியட்ச அனுபவம் கிடையாது. முகம் காணாத தொகையை எப்படி நம்புவது என்கிற கேள்விக்கு விடை தேடும் பயிற்சியே முதுகலைத் தணிக்கைப் பாடம்.

அந்தப் பாடத்தில் தவறாமல் வருகிற வழக்கு, இங்கிலாந்தில் 1896-இல் தீர்ப்பான கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு. ஆலையின் மேலாளர் பல ஆண்டுகளாகக் கையிருப்புச் சரக்கைக் கூட்டிக் காட்டிவந்தார். தணிக்கையாளர்களோ அவர் கொடுத்த சான்றிதழை நம்பி அந்தத் தொகையை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். தணிக்கையாளர் காவல் நாயே தவிர மோப்ப நாய் அல்லர், சந்தேகத்துக்கு இடமில்லாதபோது பொறுப்பானவரின் வார்த்தையை நம்பியது குற்றமாகாது என்று நீதிபதிகள் அவர்களை விடுவித்தார்கள். அந்த ஆறுதல் நெடுநாள் நீடிக்கவில்லை. அமெரிக்காவில் மெக்கெஸன் அண்டு ராபின்ஸ் என்னும் மருந்து நிறுவனத்தின் ஏடுகளில் இல்லாத சரக்கு இருப்பதாக எழுதப்பட்டிருந்தது 1938-இல் அம்பலமான பிறகு, சரக்கு எண்ணப்படும்போது தணிக்கையாளர் உடனிருந்து பார்க்க வேண்டும் என்கிற நியதி அங்கே ஏற்பட்டது.

நம் நாட்டுக் கதை அதைவிடச் சமீபத்தியது. ஐதராபாத் நகரத்துச் சத்யம் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டபடி, 2008 செப்டம்பர் முடிவில் ஏட்டில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்புமான 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: அந்த ஐந்தொகையும் ஒத்துத்தான் வந்தது! இரண்டு பக்கமும் ஒரே தொகையில் நின்று, அடியில் இரட்டைக் கோடும் கையொப்பமும் கண்ட கணக்குத்தான் அது. சரியான கணக்குக்கும் சரிக்கட்டிய கணக்குக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது என்பதற்கு இதைக் காட்டிலும் பெரிய திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

ஆதலால் கடைசியில் எல்லாம் கையொப்பமிடுகிற மனிதரிடம் வந்து நிற்கிறது. இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளராகிய ஆர். சிவபோகம் அம்மையாரை வர்த்தகம் படிக்கிற நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தவர், வெளிவந்து கணக்கியல் பயின்று 1933-இல் தேறினார். சிறை சென்றவர்கள் தணிக்கையாளராகப் பதிவுசெய்துகொள்ள முடியாது என்று அன்றைய விதி குறுக்கே நிற்க, நீதிமன்றம் சென்று வழக்காடி வென்று தம் உரிமையைப் பெற்றார். அதிகாரத்தின் முகத்துக்கு எதிரே தம் கொள்கைக்காக நின்று பழகிய ஒருவர், முதலாளியின் முகத்துக்கு அஞ்சி ஒரு தொகைக்குக் கையொப்பமிடுவாரா? புத்தகத்தில் படிக்க முடியாத இந்தத் தகுதிதான் இத்தொழிலுக்கு ஆதாரமானது.

சில ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு, முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போயிருந்தேன். பனியன் தொழில் நடத்தும் குடும்பத்துப் பையன் ஒருவன், தன் தகப்பனாருடைய நிறுவனத்தின் நடைமுறை மூலதனத்தையே ஆராய்ந்து, விகிதம் விகிதமாகக் கணக்கிட்டு, வண்ணப் படங்கள் போட்டு அழகாக எழுதியிருந்தான். கூட்டலில் ஒரு பிசகு இல்லை. சரக்கிருப்பு 38 லட்சம் என்று இருந்த வரியில் விரலை வைத்தேன்.

"தம்பி, இந்தச் சரக்கை எண்ணியது யார்?"

"ஐந்தொகையில இருக்குதுங்க சார்."

"ஐந்தொகையில் எழுதியது யார்?"

"அப்பா சொல்லிக் கணக்குப்பிள்ளை எழுதுனதுங்க சார்."

"கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது?"

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டுலதாங்க சார்" என்றான்.

ஒரு வாரம் தவணை கொடுத்தோம். திரும்பி வந்தவன் சொன்னான்: வெளிநாட்டு வியாபாரி ஒருவர் பாதியில் கைவிட்ட ஆர்டரின் குழந்தைச் சட்டைகள், அவருடைய முத்திரை அச்சிட்ட காரணத்தால் வேறு யாருக்கும் விற்க வழியில்லாமல், மூட்டை மூட்டையாகப் பின்சுவர் ஓரம் கிடந்தனவாம். ஏட்டில் அவற்றின் மதிப்பு அடக்கவிலைப்படி 11 லட்சம். எடைக்குப் போட்டால் 2 லட்சம் தேறுமாம். அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே சரக்கின் மதிப்பு என்கிற விதியை அவன் மூன்று வருஷமாகப் பரீட்சைகளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். இப்போது அதை வைத்துத் தன் வீட்டுக் கிடங்கைப் பார்த்தான். 38 லட்சம் 29 லட்சமாயிற்று. அவன் போட்ட விகிதங்கள் அத்தனையும் மாறின. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "மொதல்ல சத்தம் போட்டாருங்க. மறுநாள் ஆளைக் கூட்டிட்டு வந்து மூட்டையை எடைக்குப் போட்டுட்டாருங்க" என்றான். அன்று அவனுக்கு எத்தனை மதிப்பெண் போட்டேன் என்பது நினைவில்லை, அவன் எம்.காம். பட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டான் என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டது நினைவிருக்கிறது.

கடிதம் எழுதிய அன்பருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பற்றையும் வரவையும் உங்கள் மகள் படித்து முடித்துவிட்டாள் என்பது மெய். அவற்றை நம்பலாமா என்று கேட்கக் கற்பதற்கு இரண்டு வருஷம் அதிகமல்ல, தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். நீங்களும் கடை நடத்துகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். விடுமுறையில் அவள் வீட்டுக்கு வந்து கிடங்குச் சாவியைக் கேட்டால், கோபித்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுங்கள்.