இரண்டு கேமராக்களுக்கு நடுவே

வாத்தியார் தலை தெரிந்ததும் புத்தகத்தைத் திறந்து, அவர் நகர்ந்ததும் மூடிவிடும் பையன்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஒற்றை வேகக் கேமராவிடம் ஓட்டுநர்களும் அப்படித்தான். பெட்டி கண்ணில் பட்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்ஸிலேட்டர்.

சராசரி வேகக் கேமராவிடம் இந்த வித்தை செல்லாது. முதல் கேமரா நம்பர் பிளேட்டையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது; சில மைல் தள்ளி இன்னொன்று மறுபடி குறிக்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் கணக்கு முடிந்தது. 60 மைல் வரம்புள்ள சாலையில் 10 மைல் போக 10 நிமிடம் ஆக வேண்டும். 8 நிமிடத்தில் போனவர் 75-ல் போயிருக்கிறார். (பறந்துவிட்டு, நடுவில் ஓரங்கட்டி டீ குடித்துக் கணக்கைச் சரிக்கட்டலாம்தான். அப்புறம் எதற்குப் பறந்தது?)

ஸ்காட்லாந்தின் ஏ9 சாலையில், டன்பிளேனிலிருந்து இன்வர்னெஸ் வரை, 2014 அக்டோபரில் இவை இயங்கத் தொடங்கின. கடும் எதிர்ப்பு இருந்தது. 40 மைலில் ஊரும் லாரிகளுக்குப் பின்னால் பொறுமையிழந்து முந்துவதுதான் ஆளைக் கொல்கிறது என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. லாரிகளின் வரம்பும் கூடவே 50 ஆனது. மூன்றில் ஒரு வண்டி வரம்பை மீறிய நிலை மாறி, பதினைந்தில் ஒன்று என்றானது. பிரிட்டன் முழுக்க இத்தகைய சாலைகளை ஆராய்ந்த ஆர்ஏசி பவுண்டேஷனின் 2016 அறிக்கை, உயிர்ச்சேதமோ படுகாயமோ நேர்ந்த விபத்துகள் 36 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது.

ஆக, ஓட்டும் விதம் மாறத்தான் செய்கிறது. ஆனால் மாறுவது வேகம் மட்டுமே. தூக்கக் கலக்கமும் எதிர்த்தடத்தில் ஏறி முந்துவதும் இந்தக் கணக்கில் வராது. ஏ9-ஐ 2025-க்குள் இரு திசைகளுக்கும் தனித்தனிப் பாதையாகப் பிரித்துவிடுவதாகச் சொன்ன அரசு, இப்போது 2035 என்கிறது. கேமரா அந்த வேலைக்கு மாற்று அல்ல.

பிரிட்டனில் வண்டி ஓட்டும் நம்மவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நோட்டீஸ், வேகம் மீறிய 14 நாளுக்குள் பதிவேட்டில் வண்டியின் பொறுப்பாளராக உள்ளவருக்குக் கிடைக்கும்படி அனுப்பப்பட வேண்டும். தாமதமானால் அதைச் சொல்லி வாதாடலாம். வீடு மாறி, பதிவில் முகவரியை மாற்றாதவருக்கு அந்த வாதம் உதவாது. ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் எழுதித் தருவது எப்படியும் கட்டாயம். சாதாரண வேக மீறலுக்கு 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளிகளும்; பதிலே போடாவிட்டால் 6 புள்ளிகள். யார் ஓட்டியது என்று நினைவில்லையா? கேமரா எடுத்த படத்தைக் கேளுங்கள். குற்றச்சாட்டே தவறென்றால் அபராதத்தைக் கட்டாமல் நீதிமன்றம் போகலாம். தோற்றால் செலவு கூடும்.

“உன் பேர்ல போட்டுக்கோம்மா, உனக்குத்தான் புள்ளியே இல்லையே” என்று மட்டும் வீட்டில் யாரிடமும் கேட்காதீர்கள். பின்னாளில் அமைச்சரான கிறிஸ் ஹியூன், 2003-ல் எம்11 சாலையில் வாங்கிய புள்ளிகளை மனைவியின் பெயரில் ஏற்றினார். மணமுறிவுக்குப் பின் விஷயம் வெளிவந்து, பத்து ஆண்டு கழித்து இருவருக்கும் எட்டு மாதச் சிறை. எதைக் காப்பாற்ற இத்தனையும் நடந்ததோ அந்த லைசென்ஸ், 2003-லேயே, போனில் பேசிக்கொண்டு ஓட்டியதற்காகப் பறிபோயிருந்தது.