குழந்தைகளின் நியாயஸ்தலம்

மாணாக்கர் ஆசிரியரிடம் காட்டவேண்டிய மரியாதையைப் பற்றி நம் பெரியோர் சொல்லிவைத்திருப்பது ஏராளம். ஆசிரியர் மாணாக்கரிடம் காட்டவேண்டிய மரியாதை என்று ஒன்று உண்டா என்று கேட்டால் இன்றும் பலருக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. போலந்து தேசத்து வார்ஸா நகரில் வாழ்ந்த யானுஷ் கோர்ச்சாக் என்பவர், உண்டு என்று நம்பியதோடு நில்லாமல், அதை ஒரு சட்டமாகவே வகுத்து அந்தச் சட்டத்துக்குத் தம்மையும் உட்படுத்திக்கொண்டார்.

ஹென்றிக் கோல்ட்ஸ்மித் என்பது அவருடைய இயற்பெயர். கற்ற தொழில் குழந்தை வைத்தியம். அத்தொழிலில் பெயர் பெற்றிருந்தும், ஆஸ்பத்திரி உத்தியோகத்தை விட்டு, யூத அனாதைக் குழந்தைகளுக்காக 1912-இல் எழுந்த ஒரு விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்குக் கடைசிவரை துணை நின்று அவ்விடுதியை நடத்தினார். கோர்ச்சாக்கின் புகழைப் பேசுகிறவர்கள் இந்த அம்மையாரை மறந்துவிடுவது நியாயமன்று.

அந்த விடுதியில் குழந்தைகளே நடத்திய நியாயஸ்தலம் ஒன்று இருந்தது. ஒருவன் தன்னை அடித்தான் என்றோ, தன் பொருளை எடுத்துக்கொண்டான் என்றோ மனத்தாங்கல் கொண்ட குழந்தை, சுவரில் மாட்டியிருந்த பலகையில் தன் பெயரையும் தான் குற்றம் சாட்டுகிறவன் பெயரையும் எழுதிவிட்டால் போதும். அந்த வாரத்தில் தம்மீது வழக்கு எதுவும் இல்லாத குழந்தைகளிலிருந்து சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த ஐவர் நீதிபதிகளாக அமர்ந்து விசாரிப்பார்கள். சட்டத்தின் முதல் 99 பிரிவுகளும் விடுவிப்பதற்கும் மன்னிப்பதற்கும் ஏற்பட்டவை: அறியாமல் செய்தான், செய்ததற்கு வருந்துகிறான், இனித் திருந்துவான் என்பன போன்ற காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மன்னிக்க மறுக்கும் பிரிவுகள் 100-இல் தொடங்கி, நூறு நூறாகத் தாவி, விடுதியை விட்டு நீக்கும் 1000-ஆம் பிரிவோடு முடியும். தண்டிக்கும் வழிகள் சில. பொறுத்துக்கொள்ளும் வழிகளோ பல. இப்படி ஒரு சட்டத்தை இயற்றியவருடைய உள்ளம் எத்தகையது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

பெரியவர்களும் அந்தச் சட்டத்துக்கு விலக்கல்லர். ஆறு மாத காலத்தில் ஐந்து முறை கோர்ச்சாக் தம்மையே விசாரணைக்கு ஒப்புவித்துக்கொண்டார். ஒரு பையனைக் காதில் அறைந்தது, இன்னொருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிறுத்தியது, ஒரு நீதிபதியை அவமதித்தது, ஒரு சிறுமி திருடினாள் என்று சந்தேகித்தது ஆகியவை அவர்மீதிருந்த குற்றங்கள். நம் பள்ளி ஒன்றின் வகுப்பில் ஓர் எழுதுகோல் காணாமற் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியருடைய பார்வை ஒரு சிறுமியின்மேல் விழுகிறது. பிறகு அந்த எழுதுகோல் வேறிடத்தில் அகப்பட்டுவிடுகிறது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் அத்துடன் விஷயம் முடிந்துபோம். ஆனால் நாற்பது பேர் நடுவே குனிந்த அந்தத் தலை நிமிர்வதற்கு யார் என்ன செய்கிறார்கள்? கோர்ச்சாக், தாம் சந்தேகித்தது தவறு என்பதை அச்சிறுமியின் தோழர்கள் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்ள ஒரு வழி வகுத்திருந்தார். தம்மைப் புதுவகை ஆசிரியராக்கியதில் அந்த ஐந்து வழக்குகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்றே அவர் கருதினார்.

இதனால் ஆசிரியருடைய அதிகாரம் குறைந்துபோகாதா என்று கேட்பவர் உண்டு. பயத்தினால் வந்த அதிகாரமானால் குறையத்தான் செய்யும்; தமக்கு அநீதி செய்யமாட்டார் என்ற நம்பிக்கையினால் வந்த அதிகாரம், தவறை ஒப்புக்கொள்ளுந்தோறும் வளருமேயன்றிக் குறையாது. மிட்டாய் கொடுத்தும் வேடிக்கை பேசியும் மாணாக்கரைத் தம்வசப்படுத்த முயல்வோர் பலரிருக்க, மாணாக்கருடைய மனம் நிலைத்து நிற்பது தம் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று கண்ட இடத்திலேதான்.

அந்த விடுதியில் ஓர் அஞ்சற்பெட்டியும் இருந்தது. நேரில் சொல்லக் கூசுவதையும், அவசரத்தில் கேட்க முடியாததையும், கோபத்தையும் வேண்டுகோளையும் குழந்தைகள் அதில் எழுதிப்போடுவார்கள். அவை படிக்கப்பெற்று, விடையும் கிடைக்கும். பெரியவர்களுடைய ஓய்வுக்காகக் காத்திருந்து, முகம் பார்த்து, பாதி சொல்லி விழுங்குகிற நிலை அங்கே இல்லை. குழந்தை நாளைக்கு மனிதனாகப் போகிற ஒன்றன்று, இன்றைக்கே மனிதன் என்பது அவருடைய சித்தாந்தம். மரியாதை பெறக் குழந்தைக்குள்ள உரிமையைப் பற்றி 1929-இல் அவர் ஒரு தனி நூலே எழுதினார்.

நாஜிகள் வார்ஸாவின் யூதர்களை ஒரு மதிலுக்குள் அடைத்துப் பட்டினி போட்ட நாளிலும் அவர் குழந்தைகளைப் பிரியவில்லை. 1942 ஜூலையில், நம் தாகூரின் 'தபாலாபீஸ்' நாடகத்தை அக்குழந்தைகள் நடித்தார்கள். அடுத்த மாதமே அவர்கள் ட்ரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, தப்பிச்செல்ல வாய்ப்பிருந்தும் மறுத்து, ஏறக்குறைய 200 குழந்தைகளோடு கோர்ச்சாக்கும் ஸ்டெஃபானியாவும் சென்றார்கள், எவரும் திரும்பவில்லை.

நியாயஸ்தலம் ஏற்படுத்துவது எல்லாப் பள்ளிக்கும் எளிதன்று. ஆனால் பூட்டும் திறவுகோலும் உள்ள ஒரு சிறு அஞ்சற்பெட்டியை வகுப்பறைச் சுவரில் மாட்ட எந்த அதிகாரியின் உத்தரவும் வேண்டுவதில்லை. ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்கள் இந்தப் பருவத்திலேயே அதைச் செய்து, வாரந்தோறும் திறந்து, உள்ளே கிடக்கும் ஒவ்வொரு துண்டுக் காகிதத்துக்கும் தவறாமல் பதில் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.