கல் ஏந்திய முகங்கள்

ஜவளகிரிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கல்லைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் எங்கெங்கோ தரையாகப் பளபளக்கிறது. ஆனால் நடிகைகளின் முகங்களைச் சட்டைப் பைகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த கல் வேறு. அது ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பகுதிச் சுண்ணாம்புக்கல்.

அமெரிக்காவில் அந்நாளில் சிகரெட்டை மெல்லிய காகித உறையில் விற்றார்கள். நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டைத் துண்டைச் செருகினார்கள். 1870, 80களில் அந்த வெற்று அட்டையில் படம் ஏறியது. 1881இல் ஜேம்ஸ் பான்சாக் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஒரே நாளில் லட்சம் சிகரெட்டுகளுக்கு மேல் சுருட்டித் தள்ளியது. அத்தனையையும் விற்றாக வேண்டுமே! லில்லி லாங்ட்ரி, லில்லியன் ரஸல் போன்ற மேடை நடிகைகளின் முகங்கள் அட்டைக்கு வந்தன. வரிசையில் விட்டுப்போன ஒரு முகத்துக்காக மக்கள் அடுத்த பெட்டியை வாங்கினார்கள்.

அன்றைய வண்ண அட்டைகளைப் பெரும்பாலும் அச்சிட்டது கல்லச்சு. 1790களில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே இதன் சூட்சுமம். வழவழப்பாக்கிய கல்லில் கொழுப்பு மையால் வரைவார்கள். நுண்துளைகள் கொண்ட சுண்ணாம்புக்கல் அந்தக் கொழுப்பைப் பற்றிக்கொள்ளும். பிறகு கல்லை நனைத்தால் வரையாத இடம் மட்டும் நீரைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மை தோய்ந்த உருளையை உருட்டினால், ஈரம் மையைத் தள்ளும். கோடு மையை வாங்கும். கிரானைட் இப்படிச் சீராக உறிஞ்சாது.

ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். எல்லாம் ஒரே தாளில் இம்மி பிசகாமல் விழ வேண்டும். கன்னத்துச் சிவப்பு என்பது நுண்ணிய செம்புள்ளிகளின் கூட்டம். புள்ளிகளைச் சேர்த்து முகமாக்குவது நம் கண்.

நம் நாட்டில் முகங்களை வீடுவீடாகக் கொண்டுபோகும் வேலையைச் செய்தது தீப்பெட்டி. 1902இல் கல்கத்தாவில் கிராமபோனுக்குப் பாடிய கௌஹர் ஜானின் முகம், ஆஸ்திரியாவில் செய்த தீப்பெட்டிகளில் அச்சாகி வந்தது. குரல் இசைத்தட்டிலும் முகம் அடுப்படியிலும் இருந்தன. இசைத்தட்டு வாங்க வசதியில்லாத வீட்டுக்குள்ளும் அவர் நுழைந்தார்.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பெட்டிக்குப் படம் தேவைப்பட்டது, அச்சகங்கள் பெருகின. தெருவில் தீப்பெட்டிப் படம் பொறுக்கிச் சேர்த்த பிள்ளைகள் அந்தக் கலையின் ரசிகர்கள்.

கௌஹர் ஜான் 1928இல் மைசூர் அரண்மனைப் பாடகியானார். 1930 ஜனவரியில் அங்கேயே மறைந்தார். ஜவளகிரிக் காட்டுக்கு அப்பால் விரியும் கர்நாடக மண்ணில்தான் அவர் கடைசி நாட்கள் கழிந்தன.

ஜெஃபர்சன் பர்டிக் என்ற அமெரிக்கர் வாழ்நாளெல்லாம் சேர்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் தாள்களும் அட்டைகளும் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. குப்பைக்குப் போகவென்றே அச்சான காகிதம் அது. கௌஹர் ஜானின் தீப்பெட்டிப் படமும் அப்படித்தான் தப்பியது. குச்சி தீர்ந்த பிறகும், யாரோ ஒருவருக்கு அந்த முகத்தை எறிய மனம் வரவில்லை.