வண்ணச் சுவரும் வாசற்படியும்

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் சன்னலோரத்தில் இடம் கிடைத்தால், வாசகர்களே, வெளியே ஓடும் சுவர்களைச் சற்று உற்று நோக்குங்கள். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்று நிலையங்கள் கடக்கக் கடக்கச் சுவர்கள் பேசிக்கொண்டே வரும். ஒன்றில் சிமெண்ட் விளம்பரம். மற்றொன்றில் கட்சிச் சின்னம். இன்னொன்றில், தேர்தல் வருமுன்பே சுண்ணாம்படித்து, ‘ரிசர்வ்’ என்றெழுதிப் பிடித்து வைத்த இடம். சுவர்களை இவ்வாறு அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் பிறந்துவிட்டது. ஆயினும் சுவரெழுத்து ஓவியரின் பிழைப்பைக் கெடுத்தது அந்தச் சட்டமன்று; கணினியில் அச்சாகும் ஃபிளெக்ஸ் பதாகையே.

இந்தச் சுவர்களைப் படம் பிடிக்க எவரும் ரயிலை விட்டு இறங்குவதில்லை. ஆனால் அதே சென்னையின் தென்புறத்தில், பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை அடுத்துள்ள கண்ணகி நகருக்குச் சுவர்களைக் காண்பதற்கென்றே கேமராவுடன் செல்வோர் உண்டு.

அது எத்தகைய ஊர் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நகரின் நடுவே ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் குடிசையிட்டு வாழ்ந்த ஏழை மக்களை 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே குடியேற்றினர். 2004 சுனாமியில் வீடிழந்த குடும்பங்களும் அங்கு வந்து சேர்ந்தன. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு வீடுகள். பிழைப்பு ஓரிடத்தில், இருப்பிடம் வேறிடத்தில் என்றாயிற்று. விலாசத்தைக் கேட்டதுமே வேலை மறுக்கப்படுகிறது என்ற மனக்குறை அவ்வூர் இளைஞர்களுக்கு நெடுங்காலமாக உண்டு.

டெல்லியின் லோதி காலனியில் சுவரோவியப் பகுதியை உருவாக்கிய ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, 2020-ஆம் ஆண்டு, ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து கண்ணகி நகருக்கு வந்தது. மாநகராட்சியும் துணை நின்றது. ‘ஏ-கில்’ என்ற புனைபெயர் கொண்ட சென்னை ஓவியர் உள்ளிட்ட பலர், அடுக்குமாடிக் கட்டடங்களின் பக்கச் சுவர்களில் பெரும் ஓவியங்களைத் தீட்டினர். ஏச்சுக்கு ஆளான பெயர், வியந்து பேசப்படும் பெயராயிற்று. வண்ணம் பூசியதால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது, வேலையும் கிடைத்துவிடாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், வெளியூரார் தம் ஊரைத் தேடி வருவது அம்மக்களுக்குப் புதிது.

வருகிறவர் எப்படி வருகிறார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஓவியக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் எவரும் சோறு சமைப்பதில்லை. இங்கோ சுவருக்குப் பின்னால் குடும்பம் வாழ்கிறது. வீடு சிறிதாகையால் துணி உலர்த்துவதும், பாத்திரம் கழுவுவதும், குழந்தைக்குத் தலை சீவுவதும் வாசலில் நடைபெறுகின்றன. ஓவியம் முழுவதையும் படத்துக்குள் அடக்க நீங்கள் பின்னால் நகர நகர, அந்த வாசல்களும் படத்துக்குள் வந்துவிடுகின்றன.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருவர் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேர் எதிரே நிற்கமாட்டார்கள். வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் உரைப்பார்கள். அக்காலத்து வீட்டு வாசல்களுக்குத் திரை கிடையாது என்பதே அதற்குக் காரணம் என்று அபூதாவூத் தொகுப்பிலுள்ள ஹதீஸ் கூறுகிறது. கண்ணகி நகரின் திறந்த கதவுகளுக்கு எதிரே கேமராவைத் தூக்கும் கைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? தொலைவிலுள்ளதை அருகே இழுக்கும் வில்லை இன்று கைபேசியிலேயே இருக்கிறது!

கேமராவே ஆகுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆலிம்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935-இல் மறைந்த முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், கேமரா நிழலைப் பிடித்து வைக்கிறதேயன்றி உருவத்தைப் படைக்கவில்லை என்று கருதி, அதனை அனுமதித்தார்கள்.

அதே எகிப்தில், ஹஜ் முடித்துத் திரும்புவோரின் வீட்டுச் சுவரில் ஓவியம் தீட்டும் வழக்கம் கிராமங்களில் உண்டு. கஃபா, மதீனத்துப் பச்சைக் குவிமாடம், ஒட்டகம், கப்பல், விமானம் ஆகியவற்றோடு ஹாஜியின் பெயரையும் ஆண்டையும் எழுதுவர். ஆன் பார்க்கர், ஏவன் நீல் என்ற அமெரிக்கத் தம்பதியர் ஊர் ஊராகச் சென்று இவற்றைப் படம் பிடித்து, 1995-இல் நூலாக வெளியிட்டனர். லக்ஸருக்கு எதிர்க்கரையிலிருந்த பழைய குர்னா கிராமத்திலும் இத்தகைய சுவர்கள் இருந்தன. பண்டைக் கல்லறைகளின்மேல் அமைந்திருந்த அவ்வீடுகளை 2006-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இடிக்கத் தொடங்கினர். மக்களை வேறிடத்தில் குடியேற்றினர். அங்கு இடிந்துபோன சுவர்களைப் பொறுத்தவரை, யாரோ ஒரு பயணி எடுத்து வைத்த படமே மிச்சம்.

வெயிலும் உப்புக்காற்றும் கண்ணகி நகரின் வண்ணத்தையும் விட்டுவைக்கமாட்டா. ஆகையால், படம் எடுங்கள். எடுக்குமுன் அவ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மறுத்தால் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். இசைந்தால், எடுத்த நாளைக் குறித்துக்கொண்டு ஒரு படியை அச்சிட்டு, அடுத்த முறை செல்லும்போது அவர்கள் கையில் கொடுங்கள். எதிர்ச்சுவரில் இருப்பவர்களுக்குத்தான் அந்த ஓவியம் முழுதாகத் தெரியும். அந்தச் சுவருக்குள்ளேயே வாழ்கிறவர்கள் அதைக் காணத் தெருவில் இறங்கி வரவேண்டும்.