“வீடு வாடகைக்கு இருக்கா அண்ணா?”
தெருத் தெருவாக அலையும் வெளிநாட்டு மாணவர்கள்!
14 நாள் கெடு – பக்கெட் குளியல் – மகாபலிபுரத்தில் 600 ரூபாய் டிக்கெட்!

சென்னை –

பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸில் அந்த வாலிபரை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆறடி உயரம் இருப்பார். பஸ் கூரையில் தலை இடிக்காமலிருக்க கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார். முதுகில் பை, உள்ளங்கையில் எண்ணி வைத்த சில்லறை. “எங்கப்பா இறங்கணும்?” என்று கண்டக்டர் கேட்டதும், “அடியார் டிப்போ, அண்ணா” என்பார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

டூரிஸ்ட் என்று நினைத்தால் அது தவறு. டூரிஸ்ட் என்றால் ஏ.சி. காரில் போவார். இவர் படிக்க வந்தவர். ‘எக்ஸ்சேஞ்ச்’ மாணவர் என்று பெயர். அந்த ஊர்க் கல்லூரியிலிருந்து ஒருவர் இங்கே வருவார், இங்கிருந்து ஒருவர் அங்கே போவார். ஆறு மாதமோ ஒரு வருடமோ படித்துவிட்டு அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். பண்டமாற்று மாதிரிதான்.

சென்னைக்கு இது புதிதல்ல. கிண்டியில் ஐ.ஐ.டி. தொடங்கியதே 1959-ல், மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான். அந்த உறவு இன்றும் நீடிக்கிறது. கிண்டிக் காட்டில் மான்களோடும் குரங்குகளோடும் ஒரு பருவம் படித்துவிட்டுப் போகிற ஜெர்மன் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அறை ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு வந்து பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதுதான் அவர்கள் இங்கே கற்கும் முதல் பாடம்!

வெளிநாட்டு மாணவர் என்றதும் வெள்ளைத் தோல்தான் நம் ஞாபகத்துக்கு வருகிறது. கணக்கைப் பார்த்தால் கதை வேறு. 2021-22-ம் ஆண்டு மத்திய அரசு எடுத்த உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் படித்த வெளிநாட்டவர் 46,878 பேர். மொத்தம் 170 நாடுகள். இவர்களில் நூற்றுக்கு 28 பேர் பக்கத்தில் இருக்கிற நேபாளத்துக்காரர்கள். ஆப்பிரிக்கப் பிள்ளைகளும் கணிசமாக உண்டு.

பக்கெட்டும் செம்பும்

முதல் வாரம் படும் பாடு பெரும் பாடு.

குளியலறைக்குள் போனால் ஒரு பக்கெட், ஒரு மக். ஷவரைத் திறந்தால் காற்றுதான் வரும். எதில் மொண்டு எங்கே ஊற்றுவது என்று புரியாமல் பக்கெட்டுக்குள்ளேயே காலை விட்டு நின்றவர்களும் உண்டாம். மூன்றாம் நாள் பழகிவிடுகிறது. மூன்றாம் மாதம், ‘ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு மனிதன் குளித்து, துணியும் அலசலாம்’ என்று ஊருக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்குத் தேறிவிடுகிறார்கள்.

அடுத்தது சாப்பாடு. “காரம் வேண்டாம்” என்பதுதான் எல்லோரும் முதலில் மனப்பாடம் செய்கிற தமிழ். நம் மெஸ்காரர் பெருந்தன்மையாக, “இதுல காரமே இல்லீங்க” என்று சொல்லி ஒரு கரண்டி ஊற்றுவார். அவர் சொல்வதும் பொய்யில்லை. அவர் நாக்குக்கு அது காரமே இல்லை! கண்ணில் தண்ணீரோடு மோருக்குக் கை நீட்டும்போதுதான் தயிர் சாதத்தின் அருமை தெரிகிறது. பலருக்கு அதுவே உயிர் காத்த உணவு.

இட்லி எல்லோருக்கும் ஒத்துப்போகிறது. பரோட்டா சால்னாவுக்கு அடிமையாகி இரவு பதினோரு மணிக்கு ரோட்டுக் கடையைத் தேடுகிறவர்கள் உண்டு. கையால் சாப்பிடுவதில்தான் சிக்கல். சாதத்தைப் பிசையத் தெரிந்துவிடும். ரசத்தை இலையில் அணை கட்டி நிறுத்தத் தெரியாது. அதற்கு ஒரு பருவம் போதாது.

இன்னொரு அதிசயம் நம்முடைய தலையாட்டல். ‘ஆமாம்’ என்கிறோமா, ‘இல்லை’ என்கிறோமா, ‘பார்க்கலாம்’ என்கிறோமா? மூன்றுக்கும் ஒரே ஆட்டம்தான்! ஊர் திரும்பும்போது அவர்களும் அப்படியே ஆட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்விகளையும் சொல்லவேண்டும். எந்த ஊர்? அப்பா என்ன செய்கிறார்? கல்யாணம் ஆயிடுச்சா? ஏன் ஆகலை? ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவர் பத்து நிமிடத்தில் இத்தனையும் கேட்டுவிடுவார். முதலில் திகைக்கிறார்கள். பிறகு அவர்களே அவரைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

14 நாள் கெடு!

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் வீடு.

180 நாளுக்கு மேல் செல்லும் மாணவர் விசாவில் வருகிறவர், இந்தியாவில் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2018 முதல் விண்ணப்பம் கம்ப்யூட்டர் மூலமாகவே போகிறது. பாஸ்போர்ட், விசா, கல்லூரிச் சான்று எல்லாம் கையிலேயே இருக்கும். தங்குமிடச் சான்றுக்குத்தான் திண்டாட்டம்.

ஹாஸ்டலில் இடம் கிடைத்தவருக்குக் கவலையில்லை. வார்டன் ஒரு கடிதம் கொடுத்துவிடுவார். இடம் கிடைக்காதவர் வெளியில் வீடு தேட வேண்டும். இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

‘டு லெட்’ போர்டைப் பார்த்துக் கதவைத் தட்டுவார். வீட்டுக்காரர் வெளியே வருவார். ஏற இறங்கப் பார்ப்பார். “ஃபேமிலிக்குத்தான் குடுப்போம்.” அடுத்த வீட்டில், “வெஜிடேரியனா?” அதற்கடுத்த வீட்டில் சிரித்த முகமாகக் காப்பியே கொடுப்பார்கள். ஆனால் பத்திரம் எழுதுவோம் என்றால், “அதெல்லாம் எதுக்குத் தம்பி? நம்பிக்கைதான் முக்கியம். வாடகையைக் கையில குடுத்துடு” என்பார்கள்.

நம்பிக்கை நல்லதுதான். அதை சாஸ்திரி பவனில் காட்ட முடியாதே! பத்திரம் இல்லையென்றால் முகவரிச் சான்று கிடையாது. முகவரிச் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. பாங்குக்குப் போனாலும் முகவரி, செல்போன் சிம் வாங்கப் போனாலும் முகவரி. 14 நாள் தாண்டினால் அபராதம் வேறு. ஒரு கையெழுத்துக்காக ஒரு வருடப் படிப்பே தொங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரர்களுக்கும் பயம் இருக்கிறது. ‘வெளிநாட்டுக்காரரை வைத்தால் போலீஸ் வந்து நிற்குமோ?’ என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டல், லாட்ஜ் முதல் ஒற்றை அறை வாடகை வரை எல்லோருக்கும் இது பொது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்துவிடலாம். 1946-ம் வருஷத்துச் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகும் இந்தக் கடமை தொடர்கிறது. தெரிவித்தால் வம்பில்லை, தெரிவிக்காமல் ஒளித்து வைத்தால்தான் வம்பு. இதை எடுத்துச் சொல்ல வேண்டிய புரோக்கர்களோ, ‘ஃபாரின் பார்ட்டி’ என்று சொல்லி இரண்டு மாத கமிஷன் கேட்கிறார்கள்!

கறுப்பு நிறம் என்றால்...

வெள்ளைக்கார மாணவருக்காவது காப்பி கிடைக்கிறது. ஆப்பிரிக்க மாணவர்களுக்குப் பல தெருக்களில் கதவே திறப்பதில்லை. போனில் ‘வீடு இருக்கு, வாங்க’ என்று சொன்னவர், நேரில் பார்த்ததும் ‘இப்பத்தான் முடிஞ்சிடுச்சு’ என்கிறார். ஐந்து நிமிடத்துக்குள் எப்படி முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இது வெறும் வாடகை விவகாரமாக நின்றுவிடவில்லை. 2016-ல் பெங்களூரில் தான்சானியா மாணவி ஒருவரைக் கும்பல் ஒன்று தாக்கியது. அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? அதற்குச் சற்று முன்பு வேறொரு ஆப்பிரிக்கர் ஓட்டிய கார் விபத்தை உண்டாக்கியிருந்தது. அவ்வளவுதான்! 2017-ல் டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் அடிபட்டார்கள். இரண்டும் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அந்த மாணவர்களின் தாய் தகப்பனும் அதைப் படித்திருப்பார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் கடல் தாண்டித்தான் இருக்கிறார்கள். 2024-ல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் அதிகம். ஜெர்மனியில் மட்டும் சுமார் 49,000 பேர். அங்கேயும் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்! அதற்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் சான்று வேண்டும். மாம்பலத்துப் பையன் ம்யூனிக்கில் ஒரு கையெழுத்துக்கு அலைகிறான். ம்யூனிக் பையன் மாம்பலத்தில் அலைகிறான்.

ஊர் சுற்றும் படலம்

லீவு விட்டதும் ரயில். பெரும்பாலும் ஸ்லீப்பர் கிளாஸ்தான். காசு மிச்சம், கதையும் கிடைக்கும். சென்னையிலிருந்து காசிக்கு கங்கா காவேரி எக்ஸ்பிரசில் ஏறினால் ரயிலிலேயே இரண்டு இரவு. அதற்குள் பக்கத்து சீட்டு அம்மாவின் புளியோதரைப் பொட்டலத்தில் பங்கு கிடைத்துவிடும்.

டிக்கெட் எடுப்பது தனி வித்தை. முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆர்.ஏ.சி. என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் நமக்கு வேர்த்துவிடும். ‘சீட் உண்டு, பெர்த் பாதி, அந்நியர் ஒருவரோடு பங்கு’ என்றால் யார்தான் நம்புவார்கள்! ஓரத்துக் கீழ் பெர்த்தில் இரண்டு பேர் கால் நீட்ட இடமில்லாமல் விடிய விடியப் பேசிக்கொண்டு போவதும் உண்டு. அப்படிப் பழகிய ஆளின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதியவர்களும் இருக்கிறார்களாம்.

ஒரு விஷயத்தில் அவர்களுக்கு மனத்தாங்கல். மகாபலிபுரம் கடற்கரைக் கோயிலுக்கு நமக்கு டிக்கெட் 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். தாஜ்மகாலுக்கு 1,100 ரூபாய். டாலரில் சம்பாதிப்பவருக்கு இது டீ செலவு. ஆனால் உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவழித்து, பக்கத்துத் தெருவிலேயே ஒரு வருடம் குடியிருக்கும் மாணவருக்கு? கவுண்டரில் முகத்தைப் பார்த்ததுமே 600 ரூபாய் என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆட்டோவிலும் முகம் பார்த்துத்தான் ரேட். 2013-ல் அரசு மீட்டர் கட்டணம் வகுத்தபோது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்றது. அந்த ரேட்டில் போன வெள்ளைக்காரர் யாராவது இருந்தால் மாலை போடலாம். இப்போது செல்போனில் ஆட்டோ பிடிக்கிறார்கள். ஆனால், “என்னண்ணா, அநியாயமா கேக்கறீங்க?” என்று தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் ஐம்பது ரூபாய் தானாக இறங்குகிறது என்பது அவர்களே கண்டுபிடித்த ரகசியம்!

இன்னொரு எச்சரிக்கை. கடற்கரைப் பக்கம் சில ஏஜெண்டுகள், “சினிமாவில் துரை வேஷம், ஒரு நாள் கூலி” என்று ஆசை காட்டுவது உண்டு. மாணவர் விசாவில் வந்தவர் கூலி வாங்கி வேலை பார்க்கக்கூடாது. ஒரு நாள் துரை வேஷம் போட்டு விசாவைத் தொலைக்க வேண்டியிருக்கும்!

மாணவராக வந்து பாகவதரானவர்

இப்படி வந்த மாணவர்களில் மறக்க முடியாத ஒருவர் ஜான் ஹிக்கின்ஸ். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1939-ல் பிறந்தவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நம் கர்நாடக சங்கீதம் காதில் விழுந்தது. புல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்தார்.

புல்லாங்குழல் வித்வான் டி.விசுவநாதனிடம் பாட்டுக் கற்றார். அவருடைய சகோதரி, நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியிடமும் பாடம். தமிழ், தெலுங்கு உச்சரிப்பில் ஒரு பிசிறு இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ தஞ்சாவூர்க்காரர் பாடுகிறார் என்றுதான் தோன்றும். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் பாடினார். ரசிகர்கள் ‘பாகவதர்’ என்று பட்டம் சூட்டினார்கள். கடைசிவரை ஹிக்கின்ஸ் பாகவதர்தான்.

உடுப்பி கிருஷ்ணன் கோயிலில் அவரை உள்ளே விடவில்லை என்றும், வாசலில் நின்று அவர் பாடியதைக் கேட்டபின் கதவு திறந்தது என்றும் ஒரு கதை சங்கீத உலகில் உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, அவர் குரலைக் கேட்டவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

1984 டிசம்பர் 7-ந்தேதி அமெரிக்காவில் சாலையில் வாகனம் மோதி இறந்தார். வயது 45. அவர் பாடிய இசைத்தட்டுகள் இன்றும் மார்கழியில் மயிலாப்பூர் வீடுகளில் கேட்கின்றன.

எல்லோரும் ஹிக்கின்ஸ் ஆகிவிட முடியாது, ஆகவும் வேண்டாம். பெரும்பாலோர் பரீட்சை எழுதி, நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்.

புறப்படும் வாரத்தில் அவர்களைத் தி.நகரில் பார்க்கலாம். லுங்கி இரண்டு, காப்பி பில்டர் ஒன்று, டபரா செட், அப்பளக் கட்டு, சாம்பார் பொடி. விமானத்தில் அனுமதிக்கும் எடைக்கு மேல் பெட்டி கனக்கும். பாடப் புத்தகங்களை ஹாஸ்டல் நண்பரிடம் கொடுத்துவிட்டு, இட்லித் தட்டை உள்ளே வைத்து மூடுகிறார்கள்.