பழைய நாடாவைக் காக்கும் வழி

வீட்டுத் திருமணங்களைப் பதிந்த வி.எச்.எஸ். கேசட்டுகள் ஆண்டுதோறும் நலிந்து வருகின்றன. மறைந்த பாட்டியின் குரல் அந்நாடாவில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். எனவே அதனைக் கணினியில் ஏற்றும்போது, இடத்தை மிச்சப்படுத்த அவசரப்படலாகாது.

நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ என்னும் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படங்கள் உண்டு. ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாகப் பதிவாகும். ஒரு பாதியை நீக்கினால் அசைவின் சீரான ஓட்டம் கெடும். ஆகவே இரு பாதிகளையும் காத்து, 720×576 புள்ளி அளவில், இழப்பில்லாச் சுருக்க முறையில் மூலப்படி எடுத்தல் வேண்டும். ஒலியைச் சுருக்காமல் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் பதிவதே நலம்.

உறவினர்க்கு அனுப்பும் சிறுபடியை அம்மூலத்திலிருந்து எச்.264 முறையில் பின்னர் ஆக்கிக்கொள்ளலாம். சிறுபடியில் இழந்ததை மீட்க இயலாதன்றோ?